எச்.ஐ.வி. தொற்றும் நினைவாற்றலும்: தென்னிந்திய ஆய்வுகளின் வரலாறு

உடலுக்குள் நுழையும் வைரஸ்களில் சில, சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸைப் போல ஒரு வாரத்தில் வெளியேறிவிடுகின்றன. வேறு சில உடலிலேயே தங்கிவிடுகின்றன. எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி, ஹெப்பட்டைட்டிஸ் சி, அக்கி வைரஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நெடுநாள் தங்கும் இத்தொற்றுகளை நாட்பட்ட வைரஸ் தொற்றுகள் என்கிறோம். இவை ஈரலையும் இரத்தத்தையும் தாக்குவது பலருக்கும் தெரியும். சிந்தனை, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றையும் இவை பாதிக்கக்கூடும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இக்கட்டுரை எச்.ஐ.வி.யை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் அந்த வைரஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். அது நம் மக்களின் மூளையைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளும் சென்னை, பெங்களூர், புனே நகரங்களில் நடந்தன. “இங்குள்ள வைரஸ் அறிவைக் கெடுப்பதில்லை” என்ற எண்ணம் எப்படி எழுந்தது, பின்னர் எப்படித் திருத்தப்பட்டது என்பதே இந்த வரலாற்றின் மையம்.

1986: சென்னையிலிருந்து வேலூருக்கு

எய்ட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதற்குக் காரணமான வைரஸை 1983-இல் பாரிசு நகர் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அப்போது இந்தியாவில் இது மேலைநாட்டு நோய் என்றும், நம் பண்பாடு நம்மைக் காக்கும் என்றும் பலர் நம்பினர்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த மருத்துவர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலாளர் சிலரிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றைப் பரிசோதிக்கும் வசதி அன்று சென்னைக் கல்லூரியில் இல்லை. எனவே 1986 பிப்ரவரியில் அவர் மாதிரிகளைக் குளிர்ப் பெட்டியில் வைத்து, கணவருடன் இரவு ரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள அந்தக் கல்லூரியில், வைரஸ் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் துறையில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. அன்றைய தமிழ்நாடு நலவாழ்வுத் துறை அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார்.

சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். மறைவுக்குப் பின், 2017-இல், அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளில் இம்மையத்தின் பெயர் மீண்டும் வரும்.

வைரஸ் மூளைக்குள் செல்வது எப்படி?

எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் மந்தமாகிவிடுவதையும், பேச்சும் நடையும் தளர்வதையும் அமெரிக்க மருத்துவர்கள் தொடக்கத்திலேயே கவனித்தனர். வேறு கிருமிகள் மூளையைத் தாக்குவதே காரணம் என்று முதலில் எண்ணினர். 1985-இல் எச்.ஐ.வி.யே மூளைத் திசுவில் இருப்பது காட்டப்பட்டது. 1986-இல் நியூயார்க் மருத்துவர்களான நவியா, ஜோர்டன், பிரைஸ் ஆகியோர் “எய்ட்ஸ் மறதி நோய்த் தொகுதி” என்ற பெயரில் இந்நிலையை விரிவாக விளக்கினர். வீரிய மருந்துகள் வருவதற்கு முன், முற்றிய எய்ட்ஸ் நிலையில் இருந்தோரில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினர் இந்நிலைக்கு ஆளாயினர்.

மூளைக்கும் இரத்தத்திற்கும் இடையே ஒரு காப்புத் தடை உண்டு. வேண்டாத பொருள்கள் மூளைக்குள் புகாமல் அது காக்கிறது. எச்.ஐ.வி. தனியாக இத்தடையைத் தாண்டுவதைவிட, தான் தொற்றிய வெள்ளணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு உள்ளே போவதே முக்கிய வழி என்று கருதப்படுகிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே இது நடந்துவிடக்கூடும்.

உள்ளே சென்ற வைரஸ் நரம்பணுக்களைப் பெரும்பாலும் நேரடியாகத் தாக்குவதில்லை. மூளையின் காவல் அணுக்களான நுண்கிளியா அணுக்களிலும் விழுங்கணுக்களிலும் குடியேறுகிறது. தொற்றிய அணுக்கள் வைரஸ் புரதங்களையும் அழற்சிப் பொருள்களையும் ஓயாமல் வெளியிடுகின்றன. அருகிலுள்ள நரம்பணுக்களின் கிளைகளும் இணைப்புகளும் அதனால் சிறிது சிறிதாகத் தேய்கின்றன.

இச்சேதம் மூளையின் ஆழப்பகுதிகளில் அதிகம். எனவே இதன் அறிகுறிகள் முதுமை மறதி நோயான அல்சைமரிலிருந்து வேறுபடுகின்றன. அல்சைமரில் புதிய செய்தி மனத்தில் பதிவதே கெடுகிறது. எச்.ஐ.வி. பாதிப்பில் செய்தி பதிந்திருக்கும். அதை வெளியே எடுப்பதுதான் தாமதமாகும். சிறு குறிப்புக் கொடுத்தால் பலருக்கு நினைவு வந்துவிடும். சிந்தனை வேகம் குறைவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிக்க முடியாமை, கைவிரல்களின் சுறுசுறுப்புக் குறைவது, எதிலும் நாட்டமின்மை ஆகியவை முக்கிய அறிகுறிகள். வீட்டார் கண்ணுக்கு இது சோம்பலாகவோ மனக்கவலையாகவோதான் தெரியும்.

“இங்குள்ள வைரஸ் மூளையை விட்டுவைக்கிறது”

பெங்களூர் தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் நிமான்ஸ் என்று அழைக்கப்படுகிறது. 1989 முதல் 1996 வரை அங்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றும் நரம்புக் கோளாறும் உடைய நோயாளிகளைப் பற்றி மருத்துவர் பி. சதீஷ்சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல், காசநோய் மூளைக்காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா தொற்று ஆகியவையே அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டன. எச்.ஐ.வி.யால் நேரடியாக வரும் கடும் மறதி நோய் அரிதாகவே இருந்தது.

இதற்கு உயிர்வேதியியல் விளக்கம் ஒன்றும் கிடைத்தது. எச்.ஐ.வி.யில் பல உட்பிரிவுகள் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பி வகை மிகுதி. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சி வகை மிகுதி. வைரஸின் ‘டாட்’ என்ற புரதம் நரம்பணுக்களுக்குத் தீங்கு செய்வதோடு, வெள்ளணுக்களைத் தன்பால் ஈர்க்கவும் செய்கிறது. அப்புரதத்தில் 30, 31-ஆம் இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து இருப்பது ஈர்ப்பு வேலைக்குத் தேவை. சி வகையில் பெரும்பாலும் 31-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரின் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து மாறினால் சொல்லின் பொருள் மாறுவது போன்றதே இது. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் உதய்குமார் ரங்காவும் குழுவினரும், சி வகை ‘டாட்’ புரதத்திற்கு வெள்ளணுக்களை ஈர்க்கும் ஆற்றல் குறைவு என்று 2004-இல் காட்டினர். 2008-இல் மானேசர் தேசிய மூளை ஆய்வு மையத்தினர் ரங்காவுடன் இணைந்து செய்த ஆய்வில், நரம்பணுக்களுக்கு அது செய்யும் தீங்கும் பி வகையைவிடக் குறைவு என்று தெரிந்தது.

மருத்துவமனைப் பதிவும் ஆய்வகச் சோதனையும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால், இந்தியாவில் எச்.ஐ.வி. அறிவாற்றலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்ற எண்ணம் வலுப்பட்டது.

அளக்கும் கோலில் இருந்த சிக்கல்

இந்த முடிவில் கவனிக்க வேண்டிய இடைவெளிகள் சில இருந்தன. 1990-களில் மருந்து கிடைக்காத நிலையில், காசநோயும் மூளைக்காய்ச்சலும் பலரின் உயிரைப் பறித்துவிட்டன. மெல்ல வளரும் மறதி வெளிப்படுமளவு அவர்கள் வாழவில்லை. மேலும், வலிப்பும் கடும் காய்ச்சலும் வந்தால் நரம்பியல் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். கணக்கில் தடுமாறுகிறார், சொன்னதை மறக்கிறார் என்பதற்காக யாரும் போகமாட்டார்கள். தொற்று இருப்பதையே மறைத்து வாழ்ந்த குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு இன்னும் குறைவு.

மூன்றாவது சிக்கல், தேர்வுகளைப் பற்றியது. நினைவாற்றலை அளக்கும் பெரும்பாலான சோதனைகள் மேலைநாடுகளில் எழுத்தறிவு உள்ளவர்களுக்காக உருவானவை. எழுத்துகளையும் எண்களையும் மாறிமாறிக் கோட்டால் இணைத்தல், கொடுத்த எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லுதல் போன்றவை அவற்றில் அடங்கும். பள்ளிக்கே போகாத ஒருவர் இவற்றில் குறைந்த மதிப்பெண் பெற்றால், குறைந்தது அறிவாற்றலா, பள்ளிப் பழக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. பென்சில் பிடித்துப் பழகாத பிள்ளை எழுதுவதில் பின்தங்கும். அதே பிள்ளை வாய்க்கணக்கில் முந்திவிடும். தேர்வு எதை அளக்கிறது என்று தெரியாமல் மதிப்பெண்ணைப் படித்தால் தவறான முடிவே கிடைக்கும். கல்வி குறைந்தவரிடம் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றலாம். நன்கு படித்தவரிடம் இருக்கும் குறை தெரியாமலும் போகலாம்.

இச்சிக்கலைத் தீர்க்க இரண்டு கருவிகள் உதவின. ஒன்று, நிமான்ஸ் உளவியலாளர் ஷோபினி எல். ராவும் உடன் பணியாற்றியோரும் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு. வயது, பாலினம், கல்வி ஆகியவற்றுக்கு ஏற்ப இந்தியர்களுக்கான அளவீடுகளை இது தந்தது. எழுதப் படிக்கத் தெரியாதோருக்கும் தனி அளவீடு இதில் உண்டு. ஆக, ஒருவரை அவரைப் போன்றவர்களோடு ஒப்பிட முடிந்தது.

மற்றொன்று, 2005-இல் அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்து வெளியிடப்பட்ட பன்னாட்டு எச்.ஐ.வி. மறதி அளவுகோல். இதற்கு எழுத்தறிவு தேவையில்லை. முதலில் நான்கு எளிய சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்கிறார்கள். பின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஐந்து விநாடிக்கு விரைந்து தட்டச் சொல்கிறார்கள். அடுத்து கையை முட்டியாகவும், விரித்த உள்ளங்கையாகவும், பக்கவாட்டிலும் மேசைமீது வரிசையாக வைக்கச் சொல்கிறார்கள். இறுதியில் அந்த நான்கு சொற்களை மீண்டும் கேட்கிறார்கள். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே பெற்றால் விரிவான பரிசோதனை தேவை. சில நிமிடங்களில் முடியும் இதனைச் செவிலியர்கூடச் செய்யலாம். ஆனால் இது வடிகட்டும் சோதனைதான்; இதை வைத்தே நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

2006–2007: மாறிய படம்

சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில், மருந்து தொடங்காத, நோய் முற்றிய 30 பேரையும், தொற்று இல்லாத 30 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சுனிதி சாலமனும் என். குமாரசாமியும் அமெரிக்க ஆய்வாளர்களும் அதில் பங்குபெற்றனர். தொற்று உள்ளவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோரிடம், குறைந்தது இரண்டு அறிவுத் திறன்களில் குறைபாடு தெரிந்தது. அதே ஆண்டில் புனேயில், மேலே சொன்ன பன்னாட்டு அளவுகோலைக் கொண்டு ஆராய்ந்தபோது, நோய் முற்றியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 10-உம் அதற்குக் கீழும் பெற்றனர்.

2007-இல் நிமான்ஸ் குழுவின் ஆய்வு வந்தது. தொற்று உள்ள 119 பேரை நிமான்ஸ் சோதனைகளால் ஆராய்ந்ததில், ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடம் இலேசான அல்லது நடுத்தர அளவுக் குறைபாடு இருந்தது. கடுமையான குறைபாடு எவரிடமும் இல்லை.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடும் மறதி நோய் அரிது என்ற பழைய கணிப்பு பொய்யாகவில்லை. பாதிப்பே இல்லை என்று அதிலிருந்து பெறப்பட்ட முடிவுதான் தவறு. கேட்டால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய பாதிப்பு அது. கேட்கும் முறை சரியாக அமைந்த பிறகே கண்ணில் பட்டது. சி வகை மிகுந்த தென்னாப்பிரிக்காவிலும் அறிவாற்றல் குறைபாடு பரவலாக இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ‘டாட்’ புரதத்தின் ஒரு மாற்றம் மட்டுமே மூளைக்குக் கவசமாகிவிடாது என்பது இதனால் தெளிவாயிற்று.

வேறொரு எச்சரிக்கையும் தேவை. மனச்சோர்வு, இரத்தசோகை, ஊட்டக்குறைவு, மது, பழைய மூளைக்காய்ச்சல் ஆகியவையும் கவனத்தையும் நினைவையும் குறைக்கும். முன்னர் பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் மருந்து சிலருக்குக் கெட்ட கனவுகளையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கியது. ஆகவே ஒருவரின் மறதிக்கு வைரஸ் மட்டுமே காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

மருந்தும் மறதியும்

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல் மேலைநாடுகளில் பரவியது. அதன் பின் கடும் மறதி நோய் அங்கே வெகுவாகக் குறைந்தது. விலையோ ஏழை நாடுகளுக்கு எட்டாததாக இருந்தது. 2001-இல் இந்திய நிறுவனமான சிப்லா, ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைந்த செலவில் இம்மருந்தைத் தர முன்வந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் ஒன்று, 1928-இல் காசநோயாளிகளுக்காக உருவான தாம்பரம் சானடோரியம். தொற்று உறுதியான அனைவருக்கும், எதிர்ப்புச் சக்தியின் அளவு எதுவாயினும், உடனே மருந்து தருவது 2017 முதல் நடைமுறையில் உள்ளது.

இங்கேதான் மறதி உயிர்ப் பிரச்சினையாகிறது. இம்மருந்தை நாள் தவறாமல் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மருந்துக்கு அடங்காத நிலையை அடையும். நினைவு தளர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார். மாத்திரை தவறுவதால் வைரஸ் பெருகுகிறது. அது மூளையை மேலும் தளர்த்துகிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவரைப் பொறுப்பற்றவர் என்று கடிந்துகொள்ளும் முன், அவரால் நினைவில் வைக்க முடிகிறதா என்று பார்ப்பது அவசியம். கைப்பேசி அலாரம், நாள்வாரி மாத்திரைப் பெட்டி, வீட்டில் ஒருவர் நினைவூட்டுதல் போன்ற எளிய ஏற்பாடுகளே பலருக்குப் போதும்.

மருந்து வைரஸை அடக்கினாலும் மூளைப் பாதிப்பு முழுவதும் மறைந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் 1,555 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருந்து உட்கொண்டு வந்தவர்கள். இருந்தும் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஏதேனும் ஒரு குறைபாடு காணப்பட்டது. கடும் மறதி நோய் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பின் சிகிச்சை தொடங்கியோரிடம் பாதிப்பு மிகுதி. எனவே முன்கூட்டியே கண்டறிந்து மருந்து தொடங்குவது மூளைக்கும் பாதுகாப்பு.

பள்ளிப் பிள்ளைகளைத் தாக்கும் மற்றொரு வைரஸ்

தங்கிவிடும் வைரஸ் அறிவைக் குலைப்பதற்கு மிகக் கொடிய சான்று தட்டம்மை. தட்டம்மை வந்து ஆறிய பிள்ளைகளில் மிகச் சிலருக்கு, மாற்றமடைந்த வைரஸ் மூளையில் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள் கழித்து மூளைத் திசு மெல்ல அழியத் தொடங்கும். இந்நோயின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எஸ்.எஸ்.பி.இ. என்பர். அமெரிக்காவின் ஜேம்ஸ் டாசன் 1933-இல் இதை விவரித்தார். நோயாளியின் மூளையிலிருந்து தட்டம்மை வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது 1969-இல்தான்.

இதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வகுப்பறையிலேயே தெரியும். நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் சரியும், கையெழுத்து கெடும், கவனம் சிதறும். சில மாதங்களில் கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். பின்னர் பேச்சும் நடையும் போய், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் உயிர் பிரியும். இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி.

இந்தியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1985-இல் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையிலான அனைவருக்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்திகளால் அஞ்சிய பெற்றோர் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினர். இயக்கம் மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. அவர்கள் மறுக்க நினைத்த அந்த ஊசி, அம்மையோடு பல ஆண்டு கழித்து வரக்கூடிய அறிவழிவையும் சேர்த்துத் தடுப்பது என்று எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

இன்றைய நிலை

ஹெப்பட்டைட்டிஸ் சி தொற்று உள்ளவர்கள் மனம் மந்தமாக இருப்பதாகச் சொல்வதையும் மருத்துவம் இன்று கருத்தில் கொள்கிறது. இத்தொற்றை சில மாத மாத்திரைகளால் முற்றிலும் நீக்கிவிடலாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை இலவசம். அக்கி வைரஸுக்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது ஆய்வில் உள்ளது. உறுதியான விடை இன்னும் கிட்டவில்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்கின்றன. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இவ்வசதி உண்டு. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் தகவல் பெறலாம். 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தொற்று உள்ளவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்குவதைத் தடைசெய்கிறது. அவரது இசைவின்றிச் சோதிப்பதும், தொற்று விவரத்தை வெளியிடுவதும், சட்டம் அனுமதிக்கும் சில சூழல்கள் தவிர, தடைசெய்யப்பட்டுள்ளன.

தொற்று உள்ள ஒருவர் மந்தமாகிறார், மறக்கிறார், எதிலும் நாட்டமின்றி இருக்கிறார் என்றால், அதை விதி என்றோ புத்தி பேதலிப்பு என்றோ விட்டுவிடாமல் சிகிச்சை மையத்தில் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் அவர் தாமாகச் சொல்ல மறந்துவிடலாம். உடன் போகிறவர் சொல்வது நல்லது.